ரயில் வராத ஊரில் ஒரு பங்கு

டொரொன்டோவில் காலை ஒன்பதரைக்குத் திறக்கும் சந்தை
களுதாவளையில் இரவு ஏழுக்குத் திறக்கிறது.
கொடிக்காலுக்கு நீர் இறைத்த மோட்டர் ஓய்ந்து
நுளம்புத் திரி புகையத் தொடங்கும் நேரம்.
நான் கிணற்றுக் கட்டில்.
சிக்னல் இங்கேதான் இரண்டு கோடு.

பதினெட்டாயிரத்து நானூறு டொலர்.
பிரம்டனில், முதியோர் விடுதிச் சலவையறையில்
ஆறு வருட இரவுகள்
வெள்ளை விரிப்புகளாய் மடிந்து மடிந்து வந்த காசு.
முன்பு வங்கிக்காரி காட்டிய நிதியில் போட்டேன்.
குளிர்க்கோட்டைக் கழற்றாமலே கையெழுத்து வைத்தேன்.
ஏறினாலும் இறங்கினாலும்
வருடம் இரண்டு வீதம் அவர்களுக்கு என்று
அடியில் எறும்பெழுத்தில் இருந்ததை
மூன்றாம் வருடம்தான் கண்ணாடி போட்டுப் படித்தேன்.
மறுகா எல்லாவற்றையும் எடுத்து,
இனி நானே தெரிவேன் என்று வந்துவிட்டேன்.

தெரிதல் என்றால் அறிதல்.
தெரிதல் என்றால் தேர்தல்.
ஒரே வினைச்சொல்.
எனக்கு இரண்டாவதுதான் இன்னும் கைக்கு வந்திருக்கிறது.

ஒரு கொப்பி இருக்கிறது.
வங்கி ஒன்று, குழாயில் எண்ணெய் அனுப்பும் கொம்பனி ஒன்று,
ரயில் ஒன்று, பலசரக்குக் கடைகள் ஒன்று.
எதிரே கடன், இலாபம், பங்கிலாபம்,
பென்சிலில் எழுதி அழித்து எழுதிய எண்கள்.
கடைசிப் பக்கத்தில் பிணைமுறி, நாற்பது வீதம்,
அடியில் இரட்டைக் கோடு.

பேரின்பம் அக்கா வெற்றிலை அடுக்கியபடியே எட்டிப் பார்த்தாள்.
"பிணை சரி. பின்னால என்னகா முறி?"

சிரித்தோம். கொஞ்ச நேரம்தான்.
இருபத்திரண்டில் அவளுடைய நிலையான வைப்பு
ஒரு ரூபாய் குறையவில்லை.
அந்தக் காசுக்கு வரும் உர மூட்டைதான் குறைந்தது.
அதே வருடம்,
ஆபத்தில்லை என்று நான் வாங்கிய பிணைமுறி நிதி
நூற்றுக்குப் பன்னிரண்டு இறங்கி
பனிக்குள் புதைந்த கார் மாதிரிக் கிடந்தது.
இரண்டு நாட்டிலும் பத்திரமானதில்தான் அடி.
காணி எழுத்துக்கு உறுதி என்று பேர் வைத்த சனம் நாங்கள்.
அந்த உறுதியையும் கடலில் விட்டவர்கள்
இந்தக் கரையில் எத்தனை பேர்.

கொடியைக் காட்டி ஓர் உவமை சொல்லென்று மனம் அரித்தது:
கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், பங்கிலாபம் போல.
சொல்லவில்லை.
போன மார்கழி வெள்ளத்தில் அழுகிய பாதிக் கொடியை
அவளல்லவா அறுத்துப் போட்டாள்.

"ஒண்டு எவ்வளவு?"
"எது?"
"அந்த ரயில்."
நூற்று முப்பத்தெட்டு டொலர் என்றேன்.
உள்ளே போய்ப் பால்மா டின்னோடு வந்தாள்.
வெற்றிலைச் சாறு ஒட்டிய ஆயிரங்கள், ஐந்நூறுகள்.
முப்பத்தோராயிரம் எண்ணி வைத்தாள்.

ஏன் ரயில்?
கடனைப் பார், சரக்குக் குறைகிறதாம் என்று
கொப்பியைப் புரட்டினேன்.
அவள் பார்க்கவில்லை.
"மட்டக்களப்போட நிண்டுபோச்சு தண்டவாளம்.
இங்கால வருமெண்டு ஒவ்வொரு எலெக்சனுக்கும் சொன்னாங்கள்.
வராத ரயிலுக்கு நாலுதரம் வோட்டுப் போட்டிருக்கன்.
ஓடுற ரயிலுக்கு ஒருக்காக் காசு போடுவம்."

என் கொப்பியில் அந்தக் காரணத்துக்கு நிரல் இல்லை.

இதற்கு மேல் வேண்டாம் என்று விலைக்கு எல்லை வைத்து
ஒரு பங்கு என்று அழுத்தினேன்.
கரண்ட் போனது. இரண்டு கோடும் போயின.
இருட்டில் திரியின் சிவப்புப் பொட்டு மட்டும்
சுற்றிச் சுற்றிக் குறுகிக்கொண்டிருந்தது.
எட்டு ஐந்துக்குச் செய்தி வந்தது: வாங்கப்பட்டது.
என் பேரில்தான். சாட்சி இல்லை, முத்திரை இல்லை.
கொப்பி மட்டையில் எழுதினேன்:
இதில் ஒன்று பேரின்பத்துடையது.
மிச்சப் பதினெட்டாயிரம்
இன்னும் தெரியப்படாமல் கிடந்தது.

விடிய, வெற்றிலைக் கூடையோடு படலையில் நின்று கேட்டாள்:
"ஓடுதாகா?"

ஒரு டொலர் பத்துச் சதம் இறங்கி முடிந்திருந்தது.

"ஓடுது" என்றேன்.